செத்தவர்களுக்குத் தனிப்பந்தி

அட்லாண்டாவுக்குத் தெற்கே, மூடிப்போன ஒரு மாலின்
கார் நிறுத்துமிடத்தில்
காலை ஐந்தே காலுக்கு
நூற்று நாற்பது பேர்
சாவதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

மிர்லாந்த் அறுபத்து மூன்றாவது ஆள்.
இரவெல்லாம் கிடங்கில் பொருள் எடுத்து, பெட்டி ஒட்டி,
நேரே வந்திருக்கிறாள்.
ஒப்பனைக்காரி தாடையைத் தூக்கிப் பார்த்து
"கண்ணுக்குக் கீழே நான் தொடவே வேண்டாம்" என்கிறாள்,
பாராட்டாகத்தான்.

கன்னத்தில் ரப்பர் காயம். பல்லுக்குக் கறுப்பு.
சட்டையில் சோளப்பாகு ரத்தம்.
எறும்புகளுக்கு நடிக்கத் தெரியாது,
நிஜமாகவே வருகின்றன.

ஒலிபெருக்கியில் ஹோலிஸ்:
"கையை நீட்டாதீங்க, அதெல்லாம் பழசு.
எங்க போறோம்னு தெரியக் கூடாது,
ஆனா நிக்கவும் கூடாது."
அவளுக்குப் பழகிய நடை.
கிடங்கில் ஓர் இரவுக்குப் பதினோரு மைல்;
மணிக்கட்டில் கட்டிய கருவி எண்ணிச் சொல்லும்.
ஒருநாள் அலமாரி இடுக்கில் நின்று அழுதாள்.
செயலற்ற நிமிடங்கள்: நான்கு.

பக்கத்தில் ஓடெல்,
டால்டன் கம்பள ஆலை கதவடைத்ததிலிருந்து
ஏழு வருடமாகச் செத்துக்கொண்டிருப்பவர்.
நெற்றியிலேயே நான்கு முறை சுட்டிருக்கிறார்கள்.
ஒருதரம் முகம் திரையில் தெரிந்தது, முக்கால் நொடி.
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.
"ஆலையில இருபத்தாறு வருஷம்.
ஒருத்தன் தட்டலையே."

மதியம்.
உயிரோடிருப்பவர்களுக்குக் குளிரூட்டிய அறை, வறுத்த மீன்.
செத்தவர்களுக்குத் தனிப்பந்தி:
கூடாரம், ரொட்டி, அவித்த முட்டை,
காகிதப் பொட்டலத்தில் உப்பு.

"இதெல்லாம் உங்க ஹெய்ட்டியிலேர்ந்து வந்ததாமே?"
முட்டை உரித்தபடி அவள் சொல்கிறாள்:
"எங்க ஊர்ல அது யாரையும் கடிக்காது.
கடிக்கிறதை நீங்க சேர்த்தீங்க.
எங்களுக்கு அதைப் பார்த்துப் பயமில்லை,
அதுவா ஆயிடுவோமோன்னுதான் பயம்.
புதைச்ச பிறகும் எழுப்பி
கரும்பு வெட்ட அனுப்பிட்டா?"

ஓடெல் மெல்லுவதை நிறுத்துகிறார்.

"சாப்பாட்டில உப்பு மட்டும் காட்ட மாட்டாங்க.
நாக்குல ஒரு கல்லு பட்டாப் போதும், முழிச்சுக்கும்.
தன் பேரு ஞாபகம் வந்துடும்.
கத்தியைப் போட்டுட்டு வீட்டைப் பார்த்து நடக்கும்."
"வீட்டுக்கா?"
"கல்லறைக்கு. வேறெது வீடு?"

என் மொழியில் இதைக் கேள்வியாக வைத்திருக்கிறோம்:
சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?
சொரணை எங்கே போயிற்று என்று பொருள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றதும்
இதே வாய்தான்.
சம்பளம் என்ற சொல்லுக்குள்ளேயே
ஓர் உப்பளம் கிடக்கிறதென்பார்கள்;
கட்டிப்போட்டது எந்த உப்பு, அவிழ்ப்பது எந்த உப்பு,
மிர்லாந்திடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவள் கறுத்த பல்லால் பொட்டலத்தைக் கிழிக்கிறாள்.
முட்டை மேல் தூவுகிறாள். தின்கிறாள்.
ஓடெல் அவள் முகத்தையே பார்க்கிறார்,
அடுப்பில் பால் வைத்தவர் மாதிரி.
ஒன்றும் நடக்கவில்லை.
நெற்றி வியர்வை வழிந்து
ரப்பர் காயத்தின் ஓரம் மட்டும் லேசாகக் கழன்றது.

"செத்தவங்க எல்லாரும் இடத்துக்கு வாங்க!"

நாற்காலிகள் நகர்கின்றன.
அவள் மேசையிலிருந்த பொட்டலங்களை
இரு கையாலும் அள்ளிப் பைக்குள் போடுகிறாள்.
ஓடெல் தன்னுடையதையும் தருகிறார், ஒன்று குறைத்து.

இரவு, கிடங்கு.
காதோரம் இன்னும் கொஞ்சம் பிணம் ஒட்டியிருக்கிறது;
மேற்பார்வையாளன் அடையாள அட்டையைத்தான் பார்த்தான்.

ஒஹாயோவுக்கு ஒரு நாய்ப்பட்டை.
டாம்பாவுக்கு முழங்கால் உறை.
யாருக்கோ, எங்கோ, தூக்கம் வரவழைக்கும் விளக்கு.
பெட்டி மூடும் முன் ஒவ்வொன்றிலும்
ஒரு பொட்டலம் போடுகிறாள்.

மணிக்கட்டுக் கருவி குறித்துக்கொள்கிறது:
பெட்டிக்கு ஒரு நொடி தாமதம்.