அல்லது

மல்லாவிச் சங்கக்கடை நிவாரண வரிசை
சைக்கிள் கடை தாண்டி நீண்ட வருடம்.
எனக்குப் பதினாலு.
இருந்த ஒரே கொப்பியில்
என் கணக்கும் தம்பியின் சமூகக்கல்வியும்
முதுகோடு முதுகு.
அதனால் போன கிழமைச் சிட்டையின் பின்பக்கத்தில்
முழங்காலில் வைத்து எழுதிக்கொண்டே
அடியடியாய் நகர்ந்தேன்.

என் முறை.
தவறஞ்சினி அக்கா முன்பக்கத்தைப் பதிந்தா.
பிறகு திருப்பினா.
பின்னால் அறுபது பேர்,
வெயில்,
அவ முழுவதையும் வாசித்தா.

"வானம் அழுததாம். எந்த வானம்?
மழை பெய்து மூண்டு மாசம்."

மா நிறுத்துத் தந்தா. பருப்பு நிறுத்துத் தந்தா.
சிட்டையைத் தரவில்லை.
"கடை பூட்டினாப் பிறகு வா."

அவவுக்கு அப்போது இருபத்தாறு இருக்கும்.
கதை, கவிதை ஒன்றும் எழுதினவ இல்லை.
கூப்பன் எழுதுவா, மண்ணெண்ணெய்க் கணக்கு எழுதுவா.
களஞ்சியத்தில் கிடந்த பழைய பதிவேடு ஒன்றைத்
தூசு தட்டித் தந்தா, பின்பாதி வெறுமை:
வரவு, செலவு, கையிருப்பு, குறைவு
என்று கோடு போட்ட தாள்கள்.
நான் கோடுகளுக்கு மேலாக எழுதினேன்.
அவ சிவப்புப் பென்சிலால் வெட்டி,
வெட்டின சொற்களைக்
குறைவு நிரலில் வரிசையாகப் பதிந்து
கீழே ஒப்பமும் வைப்பா.
ஒருநாள் 'எலி தின்றது' என்றும் எழுதினா.
அன்றைக்கு என் பக்கத்தில் மிஞ்சியது நாலு வரி.

மேசைக்குக் கீழே அவவின் மகன் நிரூபன்,
அஞ்சு வயது,
படிக்கற்களை அடுக்கி விழுத்துவான்.
ஐம்பது கிராம் கல்லைக் காணவில்லையென்றால்
முதலில் அவன் வாயைத்தான் திறந்து பார்ப்போம்.
அதே சிவப்புப் பென்சிலால்
களஞ்சியக் கதவுநிலையில் அவன் உயரம்
மாதாமாதம் ஏறும்.

'கொக்கு அல்லது நாரை' என்று எழுதியிருந்தேன்.
"அல்லது எண்டா நீ பாக்கேல்லை.
போய்ப் பாத்திட்டு வா."
வவுனிக்குளம் கட்டு மட்டும் சைக்கிள் மிதித்தேன்.
காற்றுப் போய், உருட்டிக்கொண்டு திரும்பினேன்.
நத்தைகுத்தி நாரை. பதினொன்று.
பன்னிரண்டாவது மரக்கட்டை.

பிறகு நடந்தவற்றை இங்கே எழுதவில்லை.
வேறிடத்தில் எழுதியிருக்கிறேன்,
நிறுத்து.

போன மாசி மாதம்
துணுக்காய்ப் பிரதேச செயலக வாங்கில் அவவைக் கண்டேன்.
நான் யாரென்று சொல்ல
முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தா.
"என்னை எழுத வைச்சது நீங்கள்தான், அக்கா."
"நானோ?"
சிரித்தா. உண்மையாகவே நினைவில்லை.
"ஆனா அந்தப் பதிவேட்டை நீ திருப்பித் தரேல்லை.
மனேச்சர் என்ர சம்பளத்தில பதினெட்டு ரூபா வெட்டினவர்."

பிறகு பையிலிருந்து ஒரு படிவம்.
"கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். நிரப்பித் தா."

'என் பாசத்துக்குரிய மகன்' என்று தொடங்கினேன்.
"வெட்டு. அதுக்கு அங்கை பெட்டி இல்லை."
வெட்டினேன்.
கடைசியாகக் கண்ட இடம்: பொக்கணை.
தண்ணி எடுக்கப் போன வழி.
உடை: நீலச் சேட்டு.
"மேலிருந்து மூண்டாவது பொத்தான்
கறுப்பு நூலில தைச்சது. அதையும் போடு."
வயது: பதினேழு.
உயரம்.

"அஞ்சடி ஆறு."
எழுதினேன். அடுத்த பெட்டிக்குப் பேனா போய்விட்டது.
என் மணிக்கட்டைப் பிடித்தா.

"அல்லது ஏழு எண்டு போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.
அவ யன்னலுக்கு வெளியே
மோட்டார் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"வளந்துகொண்டெல்லோ இருந்தவன்."

பெட்டிக்குள் இடம் போதவில்லை.
தாளின் ஓரத்தில்
சிறிய எழுத்தில் எழுதினேன்.