வேண்டாம் என்றொரு கடிதம்

ஒரு வாரத்தை விற்கலாம் இந்த ஊரில்.
ஆகஸ்டின் மூன்றாம் சனியிலிருந்து அடுத்த சனி வரை
கடல் பார்த்த ஓர் அறை,
வருடத்துக்கு ஒருமுறை, ஆயுசுக்கும்.
ஆயுசுக்குப் பிறகும் பராமரிப்புக் கட்டணம் வரும்,
அதனால்தான் விற்கிறார்கள்.

ஃபுளோரிடாவின் மேற்குக் கரை.
பல் மருத்துவருக்கு மேல்மாடியில் என் அலுவலகம்.
கீழே துளைக்கும் சத்தம் கேட்க
மேலே நான் பத்திரம் முடித்துக் கொடுக்கிறேன்.

விற்பவர் டேட்டன் நகரத்து எல்வுட் ஸ்ட்ரேக்கர், எண்பத்தோரு வயது.
வாங்குபவர் டுலூத்தில் பனி வாரும் வண்டி ஓட்டும்
ஓரின் ஹால்வர்சன்.
ஐயாயிரத்தில் தொடங்கிய பேச்சை
நாலாயிரத்து இருநூறுக்கு இறக்கினார் ஓரின்.
இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று.
முன்பணமும் வந்தாயிற்று.

ஆனால் பழைய பத்திரத்தின் பதினோராம் பக்கத்தில்
விடுதியைக் கட்டிய நிறுவனம்
காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.
அதே விலை, அதே நிபந்தனை,
நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல
அதற்கு முப்பது நாள்.
பேரம் பேசும்போது அது வராது.
பேசி முடித்து, வியர்வை துடைத்து,
நாம் நாற்காலியை இழுக்கும்போது வரும்.

மலிவென்றால் எடுத்துக்கொள்ளும்.
வேறொரு தம்பதிக்குக் காலை உணவு கொடுத்து
கண்ணாடிக் கூடத்தில் உட்காரவைத்து
நாலு மடங்குக்கு விற்கும்.
விலை ஏறினால் விட்டுவிடும்.
கோடு எந்த எண்ணில் விழுகிறதென்று
யாரும் சொன்னதில்லை.
போன மாதம் விட்டதை இந்த மாதம் எடுக்கும்.

செவ்வாய்தோறும் ஓரின் கூப்பிடுவார்,
சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு.
"வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?"
"இன்னும் சொல்லலை."
"சொல்லிடுவாங்கல்ல?"
வேண்டும் என்கிற மனுஷன்
யாரோ வேண்டாம் என்று சொல்ல
இப்படி ஏங்குவதை
வேறெந்தத் தொழிலில் பார்க்க முடியும்?

இருபத்தேழாம் நாள் மின்னஞ்சல் வந்தது.
எடுத்துக்கொண்டார்கள்.

கணக்குப்படி யாருக்கும் நஷ்டமில்லை.
எல்வுட்டுக்கு அதே நாலாயிரத்து இருநூறு.
ஓரினுக்கு முன்பணம், ஒரு சதம் குறையாமல்.
தொலைபேசியில் கொஞ்ச நேரம்
கண்ணாடி துடைப்பான் மட்டும் பேசியது.
பிறகு அவர்:
"அப்ப நான் எண்ணூறு குறைச்சதுதான் தப்பா?"
பதில் தெரியும் எனக்கு.
வானிலை கேட்டேன்.

எல்வுட் அனுப்பிய காகிதங்களோடு
ஓர் உறை இருந்தது.
மேலே 'வாங்குபவருக்கு' என்று எழுதியிருந்தார்.
ஒட்டவில்லை, அதனால் படித்தேன்.

கெட்டில் மூடி சிக்கும், கரண்டிக் காம்பால் நெம்பவும்.
மாலை ஏழரைக்குப் பால்கனியின் இடது ஓரம் நிற்கவும்.
பழைய தூண்மேல் ஒரு கூழைக்கடா வரும்.
மரியன் அதற்குப் பெயர் வைத்திருந்தாள்,
அதை மட்டும் எழுதப்போவதில்லை.

சட்டப்படி வாங்குபவர் இப்போது நிறுவனம்.
அவர்களின் முகவரி ஒரு தபால்பெட்டி எண்.
உறையைக் கோப்பிலேயே விட்டேன்.

ஏப்ரலில் ஓரின் மறுபடி வந்தார்.
அதே கட்டடம், அக்டோபர் வாரம்,
அறுநூறு டாலர் கூட.
இந்தமுறை பேரமே பேசவில்லை,
பயந்துபோயிருந்தார்.
முப்பதாம் நாள் மாலை நாலே முக்காலுக்கு
அந்தக் கடிதம் வந்தது:
உரிமையைப் பயன்படுத்த நிறுவனம் விரும்பவில்லை.
படித்துக் காட்டினேன்.
"இன்னொருதரம் படிங்க" என்றார்.
வேண்டாம், வேண்டாம் என்று
மூன்றுமுறை படித்தேன்.

பதிவான பத்திரத்தை அனுப்பும்போது
எல்வுட்டின் உறையையும் உள்ளே வைத்தேன்.
விதிகளில் இதற்கு இடமில்லை.
அறை வேறு, மாதம் வேறு,
இவர் பால்கனிக்குக் கீழே கார் நிறுத்துமிடம்.

அக்டோபரில் கூப்பிட்டார்.
"இடது ஓரத்துல நின்னு பாத்தேன்.
பறவை எதுவும் தெரியலை."
தயங்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"ஆனா கெட்டில் மூடி சிக்குது" என்றார்,
"சொன்னபடியே."