ஒரு நூல் சாய்வு

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
என் பிரேம் கடை.
சாமி படம், கல்யாணப் படம்,
பதினாறாம் நாளுக்குள் வேண்டுமென்று
அவசரமாக வரும் படம்,
எல்லாவற்றுக்கும் ஒரே ரம்பம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து
ஜெசிந்தா என்ற பெண் கொண்டுவந்ததில்
முக்கால்வாசி ஒன்றுமே இல்லை.
சுண்ணாம்பு வெள்ளை.
அதில் ஒரு கறுப்புக் கோடு, நிற்கிறது.
தள்ளி ஒரு சாம்பல் கோடு,
நிற்கிறதா சாய்கிறதா தெரியாமல்
தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன்.
ஒரு நூல் சாய்வு.
கறுப்பின் பக்கமாக.

"எது மேல், எது கீழ்?"
"நீங்க பார்த்து மாட்டுங்க."
"யாருங்க இவங்க ரெண்டு பேரும்?"
"டீ ஆறுது, குடிங்க."

அவள் போனபின் நடுவில் கை வைத்து அளந்தேன்.
நாலு விரல்.
அவள் கைக்கு ஐந்தாகவும் இருக்கலாம்.

பசை காய
வாசல் ஆணியில் மாட்டிவைத்தேன்.
இளநீர் லாரிகள் நின்று நின்று போயின.
வாசலில் என் போன்
இங்கத்தி டவரா அங்கத்தி டவரா என்று
வழக்கம்போல் தடுமாறிக்கொண்டிருந்தது.

வண்ணாமடையிலிருந்து தினமும் இந்த வழியாகத்தான்
நார் மில்லுக்குப் போகிறான்
என் தம்பி மாசாணமுத்து.
கிணற்று மோட்டார் யாருக்கென்று பேசியதுதான்
கடைசியாகப் பேசியது.
ஆறு வருஷம்.
கடைக்கு முன்னால் வேகத்தடை இருப்பதால்
அங்கே மட்டும் மெதுவாவான்.
நான் அந்நேரம் ரம்பத்துக்கு எண்ணெய் விடுவேன்.

அன்றைக்கு வண்டி நின்றது.
இறங்கவில்லை. ஒரு கால் மட்டும் தரையில்.
"கோணலா இருக்கு" என்றான்.
"ஆணி சரியாத்தான் இருக்கு" என்றேன்.
"படத்தைச் சொல்லல. அந்தக் கோடு."
"அது அப்படித்தான்."
கொஞ்ச நேரம் பார்த்தான்.
நாரின் தூசி
புருவத்தில் நரை மாதிரி.
நரையேதானோ என்னவோ.

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

மறுநாள் ஜெசிந்தா வந்து
அறுநூற்று நாற்பது எண்ணி வைத்து
பழைய போர்வையில் சுற்றி
பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.
எந்தச் சுவருக்கென்று நான் கேட்கவில்லை.

வாசலில் ஆணி மட்டும் இருக்கிறது.
இப்போதெல்லாம்
வேகத்தடை தாண்டியும் கொஞ்ச தூரம்
மெதுவாகவே போகிறான்.
வண்டியும் பழசுதான்.