நாற்பது நிமிடம்

கோயம்பேட்டில் வெங்காயத் தோலுக்கு விலை கிடையாது.
"மாட்டுக்கா?" என்றார் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்.
மருந்துக்கு என்றேன்.
மேலும் கீழும் பார்த்தார்.
இரக்கப்பட்டு இன்னொரு சாக்கையும் ஆட்டோவில் தூக்கிப் போட்டார்.

இரண்டு சாக்குத் தோல்
கடைசியில் கொடுத்தது ஒரு சிட்டிகை மஞ்சள்.
குவெர்செடின் என்று பெயர்.
வீக்கம் தணிக்கும், அது செய்யும், இது செய்யும் என்று
தாள் தாளாக எழுதி வைத்திருக்கிறார்கள்.
தண்ணீரில் மட்டும் கரையாது.
கலக்கினால் எழும்,
விட்டால் அடியில் உட்காரும்,
காலி செய்யச் சொல்லியும் அசையாத
குடித்தனக்காரர் போல.

லாரிக்காகக் குடம் வரிசை நிற்கும் ஊரில்
தண்ணீரே வேண்டாம் என்கிற ஒன்றிடம்
நான்கு வருடமாகக் கெஞ்சுகிறேன்.

இன்னும் பொடியாக அரைத்துப் பார்த்தேன்.
என் கைதான் மஞ்சளானது.
தரமணி ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டு அம்மாள்
"நலங்கு முடிஞ்சுதாம்மா?" என்றார்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

பிறகு அதற்கு ஒரு துணை தேடினேன்.
ஒன்று வந்து பசையானது.
இன்னொன்று ஒரே குப்பியில் ஒரு மாதம் இருந்தும்
ஒட்டாமலே இருந்தது.
ஐந்தாவது, கஃபீன்.
வாசல் கடையில் நாளைக்கு நான்கு முறை
நான் குடிப்பதேதான்.

இரண்டையும் குடுவையில் இட்டு, ஓர் உருண்டை,
இரண்டு சொட்டு எத்தனால்.
அரை மணி நேரம் கடகடவென்று ஆடியது.
எக்ஸ் கதிர்க் கருவியில்
எனக்குக் கிடைத்த நேரம் இரவு இரண்டே கால்.
தேவசகாயம் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்:
"இது ரெண்டு பேர் கோடும் இல்லியே மேடம்,
வேற யாரோ நிக்கிறாங்க."

யாருமில்லை. அவர்களேதான்.
ஒன்று மற்றொன்றாக மாறவில்லை,
ஒன்றை ஒன்று உடைக்கவும் இல்லை.
இருபத்தொன்பது சி பேருந்தில்
ஒரே கம்பியைப் பிடித்து நிற்கும் இரண்டு பேர்.
கம்பிக்குப் பதில் இங்கே ஒரு ஹைட்ரஜன்.
நிற்கும் வரிசைதான் புதிது.

மறுநாள் முப்பத்தேழு டிகிரித் தண்ணீரில் போட்டேன்.
துடுப்பு சுற்றியது.
தண்ணீர் மஞ்சளானது.
ரம்ஜியா வாயைப் பொத்திக்கொண்டாள்.
திரையில் கோடு ஏறியது, ஏறியது,
நாற்பதாவது நிமிடம் தயங்கியது,
இறங்கியது.

கஃபீன் தன் நிறுத்தம் வந்ததும்
திரும்பிப் பாராமல் இறங்கிப் போயிருந்தது.
தனியாக நின்ற மஞ்சள்
பழைய இடத்துக்கே, அடிக்கே, வந்து சேர்ந்தது.

"போச்சா?" என்றாள் ரம்ஜியா.
தெரியவில்லை.
கண்ணாடிப் பாத்திரம் காத்திருக்கும்.
குடல் அவ்வளவு நேரம் காத்திருக்காது,
அதற்குள் எடுத்துக்கொள்ளும் என்று
நானாக நினைத்துக்கொள்கிறேன்.
நோட்டில் நேரத்தை மட்டும் எழுதினேன்.

அடுத்த வாரம் கோயம்பேடு.
"மருந்து வந்துச்சா?" என்றார்.
நாற்பது நிமிஷம் வந்துச்சு என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"அப்போ சாக்குக்கு இருபது ரூபா ஆவும்."