மூடிக்குச் சூடு காட்டுகிறவள்

காலை எட்டிலிருந்து நான்கு வரை
கேன்களின் கழுத்தில் பிளாஸ்டிக் உறை மாட்டி
சூட்டுத் துப்பாக்கியால் ஊதுகிறேன்.
உறை சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.
இதற்குப் பெயர் சீல்.
சீல் இருந்தால் சுத்தம் என்று
உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
யாரோ என்ன,
நாங்கள்தான், ஸ்டிக்கரில்.

தடாவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
எங்கள் போர்க்குழாய் கேட்டதில்லை.
நாயுடுப்பேட்டை வண்டிக்குத் தெலுங்கு ஸ்டிக்கர்
கும்மிடிப்பூண்டி வண்டிக்குத் தமிழ்.
ஒருநாள் நாற்பது கேனுக்கு மாற்றி ஒட்டிவிட்டேன்.
சீனையா போட்ட கூச்சலில்
தண்ணீரின் ருசியே மாறிவிட்டதோ என்று பயந்தேன்.
ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெயசிம்மன் வந்தார்,
ஃபில்டர் விற்க.
சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டர்.
ஆரம்பாக்கம் குழாய்த் தண்ணீரில் முக்கினார்:
ஆயிரத்து நூற்று நாற்பது.
எங்கள் கேனில் முக்கினார்:
பதினெட்டு.
கொஞ்ச நேரம் பேச்சில்லை மனிதருக்கு.
பிறகு, இவ்வளவு குறைந்தாலும் உடம்புக்கு ஆகாதம்மா என்றார்.

அந்த மீட்டர்
கேன் அடியில் மஸ்தான் அவசரத்தில் விட்டுவைத்த பாசியை எண்ணுமா,
வெயிலில் வண்டி மேல் மூன்று நாள் நின்றதை எண்ணுமா
என்று கேட்டேன்.
இது உப்பை மட்டும்தான் எண்ணும் என்றார்.
அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்
டீ போட்டேன்.

முனிரத்தினம் கேஸ் பில்லின் பின்னால் கணக்குப் போட்டான்.
வாரத்துக்கு மூன்று கேன்.
வேலையாள் என்று ஐந்து ரூபாய் தள்ளுபடி.
ஃபில்டருக்குப் பதினான்கு தவணை.
ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே என்னவோ மாற்றவேண்டும்,
அதன் விலையை ஜெயசிம்மன் மெதுவாகச் சொன்னார்.
ஒரு சொம்பு குடித்தால்
மூன்று சொம்பு சின்னக் குழாய் வழியே வெளியே போகும்,
அதையும் மெதுவாக.

வெளியே போவது எங்கே போகும் என்று
எனக்குச் சொல்லவேண்டாம்.
ப்ளான்ட்டுக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன்,
சுண்ணாம்பு அடித்த மாதிரி தரை,
சீமைக்கருவேலம் தவிர எதுவும் தலை நீட்டாது.
போன வருஷம் முந்நூறு அடி,
இந்த வருஷம் இன்னும் எண்பது.
அதையே சின்னதாகச் செய்து
என் அடுப்படிச் சுவரில் மாட்டவா?

மாட்டினோம்.

முதல் டம்ளர் பிடித்தபோது
கட்டைவிரல் நகம் தானாக
உடைக்க எதையோ தேடியது.
கழிவுக் குழாய்க்கு அடியில் பக்கெட் வைத்தேன்.
பாத்திரம் அதில்தான் கழுவுகிறேன்,
சில்வர் தட்டெல்லாம் வெள்ளைப் பொட்டு.
துடைக்கத் துடைக்க மறுபடி.

திங்கள்கிழமை சீனையா கேட்டார்,
ஏன், இந்த வாரம் கேன் வேண்டாமா?
பார்வை சரியில்லை.
ஒன்று போடுங்கள் என்றேன்.
அதனால் வாரம் ஒரு கேன்
எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது,
என் கையாலேயே சூடு காட்டியது.

நேற்று சூலூர்ப்பேட்டையிலிருந்து நாத்தனார்.
ஃபில்டர் தண்ணீரை நீட்டினேன்.
சுவரைப் பார்த்தாள், பைப்பைப் பார்த்தாள்,
வெள்ளைப் பொட்டு விழுந்த தட்டைப் பார்த்தாள்.
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
கேன் நீள்ளு லேவா, வதினா? என்றாள்.

மூலையிலிருந்து உருட்டி வந்து
அவள் கண்ணெதிரே
சீலைக் கிழித்தேன்.
அந்தச் சத்தம் கேட்டதும்
முகம் தெளிந்து
இரண்டு டம்ளர் குடித்தாள்.