பதினேழாம் பந்து

பத்திரிகையில் வந்தது பொய்.
மணலில் பிறந்தவள், மணற்குழிக்கு அஞ்சாதவள் என்று
நாலு பத்தி எழுதியிருந்தார்கள்.
ஜெனோவா அக்காவுக்கு மணல் ஆகவே ஆகாது.
மூக்கையூர்க் கரையில் ஒருமுறை அடித்துப் பார்த்தாள்,
பந்து புதைந்தது, கண்ணெல்லாம் மணல்.
அதோடு சரி.

அவள் அடித்துப் பழகியது உப்பளத்துக்கு மேற்கே
வெடித்துக் கிடந்த களரில்.

அப்பாவுக்கு சார்ஜாவில் புல் வெட்டும் வேலை.
லீவில் வந்தபோது பெட்டிக்குள்
கோடாலித் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே
பிடி தேய்ந்த ஏழாம் நம்பர் மட்டை,
அங்கே குளத்தில் அரித்தெடுத்த பந்துகள் இருபத்து மூன்று.
பிள்ளைகள் விளையாடட்டும் என்றார்.
பிள்ளைகள் என்றால் நானும்தான்.
ஆனால் மட்டை ஒன்று.

வெள்ளை உப்பில் வெள்ளைப் பந்து தெரியுமா?
வல்லத்துக்குப் பூசி மிஞ்சிய நீலத்தைத் தடவி
நம்பர் எழுதியது நான்.
முள்ளுக்குள் நுழைந்து தேடியெடுத்ததும் நான்.
சீமைக் கருவேல முள் ஒன்று
இன்னும் இடது குதிகாலில் இருக்கிறது,
மழை வருமுன் சொல்லிவிடும்.

மேற்கே பார்த்து நிற்பாள்.
கச்சான் அடித்தால் பந்து தாழப் போகும்.
வாடைக்கு ஊர்ப்பக்கம் குறிவைப்பாள்,
காற்றே இழுத்து வந்து நடுவில் போடும்.
கொண்டல் நாளில் மட்டும்
இன்னும் தள்ளி நில்லுடா என்பாள்,
அவள் குரல் கேட்காத தூரம்வரை.

ஒரு சாயங்காலம் எனக்குப் பசி.
பதினேழாம் பந்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
காணோம் என்றேன்.
இருட்டும்வரை தேடினாள்.
வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா பாசி எடுத்த காசு,
ராமநாதபுரத்தில் அன்ரிசர்வ்டு பெட்டி.
கோவையில் முதன்முதலாகப் புல்லைப் பார்த்து
இதை மிதிக்கலாமா என்று கேட்டாள்.
அங்கே கடைசி.
கொடைக்கானலில் பதினொன்றாவது.
பெங்களூரில் கடைசி நாள் காற்று கிளம்பியது.
மற்றவர்கள் புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் பறக்கவிட,
இவள் காதைத் திருப்பி நின்று
கச்சான் என்றாளாம்.
பை தூக்கிய பையன் கேட்டானாம், யாரது?

கோப்பை இப்போது அரிசி டின்மேல் இருக்கிறது.
டிவியில் கேட்டார்கள்,
ஏன் எல்லாப் பந்திலும் பதினேழு என்றே எழுதுகிறீர்கள்?
சிரித்தாள்.
என் தம்பியைக் கேளுங்கள் என்றாள்.

இதுவரை யாரும் கேட்கவில்லை.