வட்டியில்லாக் கடன்

சீட்டு எடுத்த முப்பதாயிரம்
அரிசி டின்னுக்குள் இரண்டு ராத்திரி தூங்கியது.
நான் தூங்கவில்லை.

கரண்டு பில்லின் முதுகில் எழுதினேன்.

குழு லோன்:
செவ்வாய்க்குச் செவ்வாய் ஆயிரத்து நூற்றைம்பது,
இன்னும் முப்பத்தொரு செவ்வாய்.
நான் கட்டாத வாரம்
மற்ற ஒன்பது பேரும் வேப்பமரத்தடியில்
எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்,
உலையில் அரிசி போட்டுவிட்டு வந்தவளும்.

கூட்டுறவு பேங்கில் என் தோடு, பதினெட்டாயிரம்.
காதில் இப்போது ஈர்க்குச்சி.

தொண்டி ரோட்டு வில்லாயுதம், நாற்பதாயிரம்,
நூற்றுக்கு ஐந்து.
குரலை உயர்த்தியதே இல்லை.
மாசப் பிறப்பன்று போன் அடித்து
"சாப்பிட்டீங்களாம்மா" என்றுதான் தொடங்குவார்.
சாப்பிட்டேனா என்று எனக்கே மறந்துபோகும்.

நண்டுக் கம்பெனி அட்வான்ஸ், இருபத்தைந்தாயிரம்.
வட்டி இல்லை.
புயலில் வலை போன வருஷம்
கேட்ட மாத்திரத்தில் எண்ணிக் கொடுத்தார்கள்.

சித்தி நிஸா, ஆறாயிரம்.
வட்டி இல்லை.
இவர் மஞ்சக்காமாலையில் கிடந்தபோது
கேட்காமலே கொண்டுவந்து வைத்தது.

"வில்லாயுதத்துக்குக் கொடு" என்றார் பூமிராசு,
வலையிலிருந்து தலை தூக்காமல்.
"மாசம் ரெண்டாயிரம் போறது ஐநூறாக் குறையும்."
சரிதான்.
"சின்னதை முடி, ஒரு பேராவது அடிபடட்டும்"
என்றாள் என் தங்கச்சி, போனில்.
அதுவும் சரிதான்.
என் காது என்ன சொன்னது என்பதை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன்.
மூன்று வருஷத்துக் கம்பெனித் துண்டுச்சீட்டு,
பாதி நண்டு நாற்றம், பாதி மை கரைந்தது.
அட்வான்ஸ் வாங்கியவர்கள் வேறு யாருக்கும் போடக்கூடாது.
கம்பெனிக்கு கிலோ முந்நூற்று நாற்பது.
அதே நாளில் தேவிபட்டினத்து லாரிக்கு நானூறு.

நாலு கிலோ ஒரு பாடு என்றால்
இருநூற்று நாற்பது.
மாசம் இருபது பாடு.
நாலாயிரத்து எண்ணூறு.
தப்பாக இருக்கும் என்று அடித்துவிட்டு
மறுபடி போட்டேன்.
நாலாயிரத்து எண்ணூறு.

வில்லாயுதத்துக்கு நூற்றுக்கு ஐந்து.
வட்டியே வாங்காதவர்களுக்கு
நூற்றுக்குப் பத்தொன்பது.
அசல் குத்துக்கல்லாட்டம் அப்படியே நிற்கிறது.

பூமிராசை எழுப்பிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
"அப்ப நான் பிடிச்ச நண்டு?" என்றார்.
எதற்கும் பதில் இல்லை அதில்.

காலையில் கம்பெனி ஷெட்டில்
ஐஸ் தண்ணீர் செருப்புக்குள் ஏற
கிளாட்வின் மேஜைமேல் பணத்தை வைத்தேன்.
அவர் சிரித்தார். நோட்டுக் கட்டை
இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.
"என்னக்கா அவசரம்? நாங்க கேட்டமா?
கைல வச்சுக்கங்க. பத்தாட்டி
இன்னும் பத்து வாங்கிக்கங்க."

வில்லாயுதம் ஒருநாளும்
கொடுத்த பணத்தைத் திருப்பித் தள்ளியதில்லை.
என் கணக்கு சரி என்று
அப்போதுதான் முழுசாக நம்பினேன்.
கையெழுத்துப் போட்டுத் தரும்வரை
அங்கேயே நின்றேன்.

மீதி ஐயாயிரத்தில் செவ்வாய்க்கு எடுத்துவைத்தது போக
மூவாயிரத்து எண்ணூற்றைம்பது.
சித்தி நிஸா வாசலில் சூடை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
கை ஈரம் என்று
தாவணி முனையை நீட்டினாள் அவள் மகள்.
"இன்னும் ரெண்டாயிரத்து நூத்தம்பது பாக்கி" என்றேன்.
"என்ன பாக்கி?" என்றாள்.
பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை,
நிஜமாகவே அவளுக்கு ஞாபகமில்லை.
சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று
ஒரு நிமிஷம் தோன்றியதையும்
இங்கே எழுதிவைக்கிறேன்.

தோடு இன்னும் பேங்கில்.
வில்லாயுதம் ஒன்றாம் தேதி கூப்பிடுவார்.

மறுநாள் கச்சான் காற்றில் வத்தை தாமதமாக வந்தது.
மூன்றரைக் கிலோ.
லாரிக்காரன் தராசு புதுத் தராசு.
நானூறு என்றுதான் சொன்னான்,
முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"சீட்டு வேணுமாக்கா, சின்ன எடைக்கு?"
வேணும் என்றேன்.
வாங்கி, காயவைத்து,
டப்பாவில் போட்டேன்.